ஆம்ஸ்ட்ராங் வாய் திறந்தபோது

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வவையில் பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்துவரும் வினா ஒன்று உண்டு. ஊர் பற்றி எரிகையில் இந்தக் கவிஞர் ஏன் மௌனமாக இருந்தார் என்பது அது. அதற்கு நேர்மாறான வினாவும் இங்கே கேட்கப்பட்டதுண்டு: நன்றாக எழுதிக்கொண்டிருந்தவருக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? இவ்விரு கணைகளும் ஒரே கலைஞர் மீது, ஏறத்தாழ ஒரே வாரத்தில், அவரை நேசித்தவர்களாலேயே தொடுக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றியது அது. அந்த இசையின் நுட்பங்களை விரித்துரைக்கும் தகுதி எனக்கில்லை. இரசிகர்களைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அதற்கான தகுதி நம் அனைவருக்கும் உண்டு.

1901ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரின் வறுமை மிகுந்த பகுதியொன்றில் பிறந்தவர் ஆம்ஸ்ட்ராங். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில்தான் அவருடைய முறையான இசைப்பயிற்சி தொடங்கியது. 1920களில் சிகாகோவில் அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளுக்குப் பிறகு, ஜாஸ் இசையில் தனியொருவரின் வாசிப்பு என்பதன் பொருளே மாறிப்போயிற்று. இதை அவருடைய எதிரிகளும் மறுத்ததில்லை. வழக்கு அவர் டிரம்பெட்டைப் பற்றியதன்று, முகத்தைப் பற்றியது. காதுவரை விரியும் சிரிப்பு, உருளும் விழிகள், கையிலே வெள்ளைக் கைக்குட்டை. வெள்ளையர்கள் இந்த முகத்தைக் காணவே கூடினார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் தலையெடுத்த கறுப்பின இளைஞர்களுக்கு, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரை எள்ளி ஆடிய பழைய கூத்துகளின் நினைவே வந்தது. ‘அங்கிள் டாம்’ என்றார்கள். எசமானனுக்குக் குழைபவன் என்பது அவ்வசையின் பொருள். டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற இளைய தலைமுறைக் கலைஞர்களே அவரைத் தோட்டத்து அடிமையின் சாயலில் கண்டார்கள்.

1949இல் இது முற்றியது. நியூ ஆர்லியன்ஸ் மார்டி கிரா திருவிழாவில் கறுப்பினத்தவரின் ஜூலூ சங்கம் அவரைத் தன் அரசராகத் தெரிந்தெடுத்தது. முகத்தில் கருஞ்சாயமும் கண்களையும் வாயையும் சுற்றி வெள்ளைப் பூச்சுமாக அவர் ஊர்வலம் வந்தார். அவ்வூர்க் கறுப்பின எளிய மக்களுக்கு அது தம் பிள்ளைக்குக் கிடைத்த முடிசூட்டு. வெள்ளையரின் அரசர் வேடத்தை எள்ளி நகையாடும் பழைய விளையாட்டு. வடபுலத்து நகரங்களில் நிழற்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கோ அது வெட்கக்கேடு. ஒரே வேடம் தெருவில் ஒரு பொருளையும் தாளில் வேறொரு பொருளையும் தந்துவிட்டது. கவிதை வாசகர்களுக்கு இது புதிதன்று.

இங்கே ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ நாவலை நினைவுகூர வேண்டும். 1952இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில், நிலவறையில் வாழும் கதைசொல்லி, ஆம்ஸ்ட்ராங் 1929இல் பதிவுசெய்த ‘பிளாக் அண்ட் ப்ளூ’ பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறர் கண்ணுக்குப் புலப்படாதவராக இருப்பதையே கவிதையாக்கியவர் என்று ஆம்ஸ்ட்ராங்கைப் போற்றுகிறான். கூடவே, தாம் புலப்படாதவர் என்பது அவருக்கே தெரியாது போலும் என்றும் எண்ணுகிறான். நாவலாசிரியரின் கருத்தும் பாத்திரத்தின் கருத்தும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் அன்றைய பொதுக்கருத்து அதுதான்: பாவம், நல்ல மனிதர், தெரியாமல் சிரிக்கிறார்.

தெரியாமலா? ஆம்ஸ்ட்ராங் தாம் போகுமிடமெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு சென்றவர். தம் பேச்சையும் நண்பர்களின் பேச்சையும் நூற்றுக்கணக்கான நாடாக்களில் பதிந்து வைத்தார். அவை இன்று ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வெள்ளையர் ஒருவர் வந்து கைகுலுக்கி, தமக்குக் கறுப்பர்களைப் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். ஆனால் உன்மீது மட்டும் பைத்தியம் என்றாராம். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன் என்று இவரும் பதில் சொன்னாராம். அதன்பின், பெரும்பாலான வெள்ளையருக்குக் கறுப்பர்களைப் பிடிக்காது, ஆனால் ஆளுக்கொரு கறுப்பன் மீது மட்டும் உயிராக இருப்பார்கள் என்று கூறிச் செல்கிறார். இரசிகர் என்னும் பிறவியைப் பற்றி இதைவிடக் கூர்மையான திறனாய்வை நான் படித்ததில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இத்தனை கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

இனி 1957க்கு வருகிறேன். பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 1957 செப்டம்பர் 4ஆம் நாள், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்துவந்த மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை, ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலக் காவற்படையைக் கொண்டு மறித்தார். தனியே வந்த ஒரு மாணவியைச் சூழ்ந்து வெள்ளையர் கும்பல் வசைபாடிய நிழற்படம் உலகெங்கும் சென்றது. அதிபர் ஐசனோவர் ஆளுநரோடு பேசினார், நாட்கள் கழிந்தன.

செப்டம்பர் 17ஆம் நாள் வட டக்கோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஆம்ஸ்ட்ராங்கின் நிகழ்ச்சி. உள்ளூர் நாளேட்டில் பணியாற்றிய இருபத்தொரு வயது மாணவர் ஒருவர், உணவு கொண்டு சென்றவரோடு சேர்ந்து அவருடைய விடுதி அறைக்குள் நுழைந்துவிட்டார். அரசியல் பேசாதே என்று ஆசிரியர் எச்சரித்தே அனுப்பியிருந்தார். மாணவர் கேட்டார், ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். தென்மாநிலங்களில் என் மக்களை நடத்தும் முறையைப் பார்த்தால் இந்த அரசாங்கம் நரகத்துக்குப் போகட்டும் என்றார். அதிபர் இரட்டை நாக்குடையவர், துணிவில்லாதவர் என்றார். கறுப்பனுக்கு நாடு என்று ஒன்று இல்லாமற் போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஆளுநருக்கு அவர் சூட்டிய பெயர் அச்சேறத் தகாதது. இருவரும் கலந்து ‘படிப்பில்லாத ஏர்க்காரன்’ என்று மாற்றிக்கொண்டார்கள். (ஏர் பிடிப்பவரை இழிவாக்கும் அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு.) அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த இசைப்பயணத்தையும் கைவிடப்போவதாகச் சொன்னார்.

செய்தி நிறுவனம் இதை நம்ப மறுத்தது. சிரிக்கிற ஆம்ஸ்ட்ராங்கா இப்படிப் பேசினார்? மறுநாட்காலை மாணவர் எழுதியதை எடுத்துக்கொண்டு மீண்டும் போனார். அவர் படித்துப் பார்த்தார். எதையும் நீக்காதே என்றார். தாளின் அடியில் உறுதிமொழியாக ஒரு சொல்லெழுதிக் கையொப்பமிட்டார். சினத்தில் வாய்தவறி வந்த பேச்சென்று இதை ஒதுக்க நினைப்போர் இந்தக் கையொப்பத்தைக் கருத வேண்டும். ஓர் இரவு உறங்கி எழுந்தபின் இட்டது அது. அவருடைய பயண மேலாளர் அவர் வருந்துவதாகச் செய்தியாளரிடம் சொல்லிவைத்தார். ஆம்ஸ்ட்ராங் அதையும் மறுத்தார்.

பிறகு நடந்ததுதான் நம் பொருள். மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் நகர வானொலி நிலையமொன்று அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. ஜிம் பிஷப் என்னும் பத்தி எழுத்தாளர் அவருடைய நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்கச் சொன்னார். நேற்றுவரை அவர்மீது உயிராக இருந்தவர்கள் நன்றி கெட்டவர் என்றார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதே. வியப்பு மறுபக்கத்தில். மௌனத்துக்காக அவரைப் பழித்துவந்தவர்கள் இப்போது அணிதிரண்டு வந்தார்களா? பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகியர் லீனா ஹோர்ன், எர்த்தா கிட் போன்ற சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் வெளிப்படையாகவே குறைகூறினார்: இனவாரியாகப் பிரிக்கப்பட்ட அரங்குகளில் வாசித்துவந்தவர் இப்போது ஒருமைப்பாடு பேசலாமா?

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் பிரிக்கப்பட்ட அவையின் முன்புதான் அவர் வாசித்தார். வெளியே டைனமைட் வெடித்தது. உள்ளே யாரோ தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிக்கவைத்து வாசிப்பைத் தொடர்ந்தார். அதே மனிதர், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் தோன்றுவதை 1956இல் லூயிசியானா சட்டம் தடைசெய்தபின், இருவரும் கலந்த தம் குழுவோடு பிறந்த ஊரில் வாசிக்க 1965 வரை செல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் புகழுரையில் எனக்கு நாட்டமில்லை.

அவருடைய அன்பர்கள் இன்றுவரை சொல்லிவரும் சமாதானம் ஒன்றுண்டு: அவருடைய இசையே போராட்டம், அதற்குமேல் அவரிடம் எதையும் கேட்கலாகாது என்பது. கலைஞர்களைக் காப்பாற்ற நாமும் அடிக்கடி எடுத்தாளும் வாதம் இது. நான் இதை ஏற்கவில்லை. இசை போதும் என்று ஆம்ஸ்ட்ராங்கே அன்றிரவு நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த மாணவரை இரண்டு வேடிக்கைப் பேச்சோடு அனுப்பி வைத்திருப்பார். அதே வேளையில், பேசு பேசு என்று நெருக்குகிறவர்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. பால் ரோப்சன் பேசினார். 1949இல் பீக்ஸ்கில் என்னுமிடத்தில் அவருடைய கச்சேரிக்கு வந்தவர்கள் கல்லடி பட்டார்கள். 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1958 வரை திருப்பித் தரவில்லை. ஆம்ஸ்ட்ராங் வாய் திறந்த நாளில் ரோப்சன் இன்னும் தம் நாட்டை விட்டு வெளியேற முடியாதிருந்தார். இதை அறியாமல் ஒருவர் பேசியிருக்க முடியுமா? பேசியபின் அவரை ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டவர்கள், உடன் நின்று கேட்டிருந்தால் அக்கேள்விக்கு வேறு எடை இருந்திருக்கும்.

ஐசனோவர் செப்டம்பர் 24ஆம் நாள் படையை அனுப்ப ஆணையிட்டார். ஆம்ஸ்ட்ராங்கின் சொல்லே அதற்குக் காரணம் என்று சொல்வோர் உண்டு, அது மிகை. அதிபரைப் பாராட்டி அவர் தந்தியடித்தார் என்பது உண்மை. பகைமைக்காகப் பேசியவரல்லர் என்பதற்கு அதுவே போதும்.

1965 மார்ச்சில், செல்மா நகரில் ஊர்வலத்தினர் தாக்கப்பட்டபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். நீங்கள் ஏன் ஊர்வலத்தில் நடப்பதில்லை என்று கேட்டார்கள். நடந்தால் என் வாயில் அடிப்பார்கள், வாய் போனால் என்னால் ஊத முடியாது என்றார். ஏசுநாதர் கறுப்பராக இருந்து ஊர்வலம் போனால் அவரையும் அடிப்பார்கள் என்றார். அடுத்த சில நாட்களில் கிழக்கு பெர்லினில் ‘பிளாக் அண்ட் ப்ளூ’வை மிக மெதுவான நடையில் இசைத்தார். அப்பாட்டின் மூலத்தில் கறுப்பன் தன் உள்ளத்துக்கு வெண்மையை உரிமை கோரும் இடம் ஒன்று வரும். அங்கே ‘வெள்ளை’ எனும் சொல்லை நீக்கி, அதனோடு இயைந்தொலிக்கும், ‘சரி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைத்தார். ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு. கவிஞர்கள் நிறைந்த அவையில் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கில்லெஸ்பி 1979இல் எழுதிய தன் வரலாற்றில் தம் பழைய தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்; இனவெறி மீதான சினம்கூடத் தம் மகிழ்ச்சியைப் பறிக்க இடங்கொடாமை அந்தச் சிரிப்பு என்று பின்னர் உணர்ந்ததாகச் சொன்னார். நடிகர் ஆசி டேவிஸ், 1960களில் ஒரு படப்பிடிப்பின் இடைவேளையில் தனியே அமர்ந்திருந்த ஆம்ஸ்ட்ராங்கின் முகத்தில் பெருந்துயரைக் கண்டதையும், தம்மைப் பார்த்ததும் அம்முகம் சட்டென்று சிரிப்புக்கு மாறியதையும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மைல்ஸ் டேவிஸ் அப்படித் திருத்திக்கொள்ளவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் வாசிப்பை உயிராக மதித்தவர், அந்தச் சிரிப்பைக் கடைசிவரை வெறுத்தார். தம் நூலில் அப்படியே எழுதியும் வைத்தார். அந்த வெறுப்பு நேர்மையானது என்றே கருதுகிறேன்.

1970 மே மாதம் நியூயார்க்கில் ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு ஒன்று பதிவாயிற்று. மூச்சு குன்றியிருந்ததால் அவர் ஊதவில்லை, பாடினார். குடியுரிமைப் போராட்டத்தின் ஊர்வலப் பாட்டாகிய ‘வீ ஷல் ஓவர்கம்’ அன்று பதிவானவற்றுள் ஒன்று. பின்பாட்டுக்கு நண்பர்கள் பலர் வந்து நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் மைல்ஸ் டேவிஸும் இருந்தார். மறு ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங் மறைந்தார்.