பசுவின் ஈத்துக் காலம்

(ஊராட்சி ஒன்றியக் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



ஒரு பசு எந்த வயது வரை கன்று ஈன்று பலன் தரும் என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம். கோடை பிறந்து தீவனம் அருகியதும், 'இந்த மாட்டை வைத்திருப்பதா, சந்தைக்கு ஓட்டுவதா?' என்னும் கேள்வி வீடுதோறும் எழுகிறது. விடையில் தவறினால் நல்ல பசு கைவிட்டுப் போகும். அல்லது பலனற்ற பசு நல்ல பசுவின் தீவனத்தைத் தின்று தீர்க்கும். இரண்டும் நட்டமே.

நம் பகுதியின் செல்வம் காங்கயம் மாடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் கொண்ட கொறங்காடுகளில் வளர்ந்த இனம் இது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் தேர்ந்தெடுத்து வளர்த்துப் புகழ் சேர்த்த இனமும் ஆகும். இப்பசு பாலைக் குடம் குடமாகக் கறப்பதன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டரே தரும். ஆகவே அது ஈனும் கன்றே நமக்கு முதன்மையான வருவாய். இறைச்சிக்காக மாடு வளர்க்கும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் பசுவின் மதிப்பைக் கன்றைக் கொண்டே அளக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு கன்று என்பதே அங்குள்ளோர் நாடும் அளவு.

காங்கயம் கிடேரி பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு வயதுக்குள் முதற்கன்று ஈனுகிறது. நான்கு வயதில் ஈன்ற பசு, பின்னர் 16 மாதங்களுக்கு ஒருமுறை ஈனுமாயின், 12 வயதுக்குள் 7 கன்றுகள் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனுமாயின் 5 கன்றுகளே கிடைக்கும். எட்டு ஆண்டுகளும் பசு தின்ற தீவனமோ ஒன்றே. குறைந்தவை இரண்டு கன்றுகள். எனவே பசு எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதைவிட, எத்தனை மாதம் சினையின்றி நின்றது என்பதே பெரிய கணக்கு.

நன்கு பேணப்பட்ட பசு 10 வயது வரை குறைவின்றி ஈனும். அதன்பின் பலன் சிறிது சிறிதாக இறங்கும். 12 வயதைக் கடந்தும் ஈனும் நாட்டுப் பசுக்கள் பல உண்டு. ஆனால் வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறலாகாது. வாயைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய 2 வயதில் முதலிரண்டு நிலைப்பற்கள் முளைக்கின்றன. 4 அல்லது 5 வயதில் எட்டுப் பற்களும் நிறைந்து மாடு கடைசேர்கிறது. பின்னர் பற்கள் தேய்கின்றன. பல் தேய்ந்த பசுவால் காய்ந்த புல்லைக் கடித்து மேய இயலாது, உடல் மெலியும், மெலிந்த உடலில் சினை தங்குவது அரிது. பல் உறுதியாகவும், மடி பழுதின்றியும், கன்று ஆண்டுதோறும் கொழுமையாகவும் இருப்பின், அப்பசுவை வயதுக்காக விற்க வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, இளம்பசுவை 'மலடு' என்று விற்றுவிடுவதை ஊர்தோறும் காண்கிறோம். முதல் ஈத்துப் பசு இன்னும் வளரும் பருவத்தது. தன் உடலையும் வளர்த்துக் கன்றுக்கும் பாலூட்டும் அதற்குத் தீவனம் போதாவிடின் பருவத்துக்கு வாராது. அது மலடன்று, பசி. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அதற்குப் பசுந்தீவனமும், சிறிது பிண்ணாக்கும் தவிடும், தாது உப்பும் கொடுத்து வருதல் இன்றியமையாதது.

பருவ அறிகுறியைத் தவறவிடுவதும் மற்றொரு காரணம். பருவம் 21 நாட்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒரு நாள்கூட நீடிப்பதில்லை. கத்துதல், பிற மாடுகள் தன்மீது தாவ நின்று கொடுத்தல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினையூசி போடுவதோ பொலிகாளையுடன் சேர்ப்பதோ நன்று. மூன்று மாதம் கழித்துக் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மும்முறை சேர்த்தும் சினை நிற்கவில்லையெனில் கருப்பை நோய் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டாமல் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கன்று வீச்சு நோய்க்குக் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒருமுறை தடுப்பூசி போடுவித்தல் கடமை.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஆற்ற வேண்டிய பணிகளும் உள. மேய்ச்சல் புறம்போக்கைச் சீமைக் கருவேலின் பிடியிலிருந்து மீட்டுப் புல் வளர்த்தல் வேண்டும். தண்ணீர்த் தொட்டிகள் கோடையில் வறளாது பார்த்தல் வேண்டும். ஊர்ப் பொலிகாளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேற்றூர்க் காளையோடு மாற்றிக்கொள்ளல் வேண்டும்; இன்றேல் தன் மகளோடே அது சேர்ந்து இனம் நலியும். மருத்துவ முகாம் நாளை ஊரறியப் பறையறைந்து தெரிவித்தலும் வேண்டும்.

உழவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வாங்கி, பசு பருவத்துக்கு வந்த நாள், சேர்த்த நாள், ஈன்ற நாள் ஆகியவற்றை எழுதி வருவாராக. அடுத்த கோடையில் எந்தப் பசுவை வைத்துக்கொள்வது, எதனை விற்பது என்பதைத் தரகர் சொல்ல வேண்டுவதில்லை, அக்குறிப்பேடே சொல்லும்.