12ஏ, 15, 18: வாசலில் வயது கேட்பவர் யார்?

(எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசினமாதிரியே பெரும்பாலும் விட்டிருக்கிறேன்.)



நான் லண்டனில பிறந்து வளர்ந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தமிழும் வீட்டுத் தமிழும் கலந்துதான் எனக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

2009 ஏப்ரல், மே மாதங்களில எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் முடிஞ்சதும் அம்மா என்னை நாடாளுமன்றச் சதுக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவா. உங்களில கனபேர் அங்க நிண்டிருப்பீங்கள். என்ர கையில ஒரு பதாகை தந்தவை. அதில செத்துக் கிடந்த ஒரு பிள்ளையின்ர படம். என்ர வயதுதான் இருக்கும். அந்தப் படத்தை நான் எத்தினை நாள் பிடிச்சுக்கொண்டு நிண்டன் எண்டு நினைவில்லை. ஆனா அந்தப் பிள்ளையின்ர சட்டை என்ன நிறம் எண்டு இண்டைக்கும் சொல்லுவன்.

அதே வருச கோடையில மாமா எங்களைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில நிண்டவர் என்னையும் மச்சானையும் பார்த்து, "இது 15, இவையளை விட ஏலாது" எண்டார். மாமா, "நான் பெரியவன் கூட வாறன்தானே" எண்டு கேட்டார். அதுக்கும் இல்லை. 15 எண்டால் பெற்றோர் கூட வந்தாலும் உள்ளே விடமாட்டினம். வளர்ந்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தன். நாலு சண்டை, கொஞ்சம் பொய் ரத்தம். அவ்வளவுதான்.

பொய் ரத்தத்தில இருந்து என்னைக் காப்பாற்ற ஒரு முழு அமைப்பு இருந்தது. உண்மையான ரத்தத்தை நான் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டன். இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்க வந்தனான்.

முதல் கேள்வி: இந்த வயதுக் கணக்கை யார் போடுகிறார்கள்?

பிரிட்டனில் அது தொடங்கியது நெருப்பில் இருந்து. அந்தக் காலத்துப் பிலிம் சுருள் சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் 1909 இல் ஒரு சட்டம் வந்தது: படம் காட்டும் இடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். நோக்கம் தீப் பாதுகாப்பு. ஆனால் உரிமம் கொடுக்கும் அதிகாரம் கையில் வந்ததும், மன்றங்கள் என்ன படம் காட்டலாம் என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கின. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு விதி என்றால் வியாபாரம் நடக்காது. ஆகவே 1912 இல் திரைப்படத் தொழில்துறையே ஒரு சபையை அமைத்தது. அதுதான் பிபிஎஃப்சி. அப்போது அதன் பெயரில் 'தணிக்கை' என்ற சொல் இருந்தது. 1984 இல்தான் அதை 'வகைப்படுத்தல்' என்று மாற்றினார்கள்.

இது அரசுத் திணைக்களம் இல்லை என்பதைக் கவனியுங்கோ. தொழில்துறை தன்ர காசில் தனக்காக வைத்த சபை. ஆனால் அது வெட்டியதைப் பார்த்தால் யாருக்காக வெட்டியது என்று விளங்கும். 1916 இல் சபையின் தலைவர் டி. பி. ஓ'கொன்னர், படங்களில் நீக்க வேண்டியவை என்று 43 விடயங்களைப் பட்டியலிட்டார். ஆபாசம், கொடூரம் எல்லாம் அதில் உண்டு. கூடவே மூலதனத்துக்கும் உழைப்புக்கும் உள்ள உறவும் உண்டு! இந்தியாவில் பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கெட்டவர்களாகக் காட்டும் கதைகளும் உண்டு. 1926 இல் ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின் போர்க்கப்பல்' தடைசெய்யப்பட்டது. 1954 வரைக்கும் அதுக்குச் சான்றிதழ் இல்லை. கிடைத்தபோதும் பெரியவர்களுக்கு மட்டும் என்ற 'எக்ஸ்' தான். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிய 'லவ் ஒன் த டோல்' நாவலைப் படமாக்க 1936 இல் சபை விடவில்லை. போர் வந்து, தொழிலாளரின் ஒத்துழைப்பு அரசுக்குத் தேவைப்பட்ட பிறகு, 1941 இல் அது படமாக வந்தது.

அப்ப எங்கட முன்னோடிகள் என்ன செய்தார்கள்? 1909 சட்டம் தீப்பிடிக்கும் பிலிமுக்குத்தானே? 1930களில் 'கீனோ' போன்ற இடதுசாரிக் குழுக்கள் தீப்பிடிக்காத 16 மில்லிமீற்றர் பிலிமில் சோவியத் படங்களைத் தொழிலாளர் மண்டபங்களில் போட்டுக் காட்டின. சட்டத்தை வரி வரியாக வாசிச்சால் இப்படியும் வழி கிடைக்கும்.

இரண்டாவது: இண்டைக்கு இந்தக் கணக்கு எப்படி நடக்குது?

யூ, பிஜி, 12ஏ, 15, 18. 12ஏ என்றால் 12 வயதுக்குக் குறைந்தவர் ஒரு பெரியவரோடு போகலாம். படத்தின் நீளத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிடுவார்கள். பெரிய நிறுவனத்துக்கு இது காசே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து எடுத்த ஆவணப்படத்துக்கு இது பாரம். குறைந்த வயதுச் சான்றிதழ் வேண்டும் என்றால் எதை வெட்ட வேண்டும் என்று சபை சொல்லும். வெட்டுவதா விடுவதா என்று விநியோகஸ்தர் முடிவெடுப்பார். குடும்பமாக வந்தால் கூட ரிக்கெற் விற்கும். ஆகவே வெட்டுறது பிள்ளைகளின்ர மனசுக்காக மட்டும் இல்லை, கல்லாவுக்காகவும்தான்.

கெட்ட வார்த்தைக்கு வருவோம். 2002 இல் கென் லோச் எடுத்த 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' ஸ்கொட்லாந்தின் கிரீனொக் பகுதியில் நடக்கும் கதை. பதினாறு வயதை எட்டப்போகும் ஒரு பொடியன், சிறையில் இருக்கும் தாய் வெளியில் வரும்போது ஒரு வீடு இருக்க வேண்டும் என்று போதைப்பொருள் விற்கத் தொடங்குகிறான். கான் விழாவில் சிறந்த திரைக்கதை விருது பெற்ற படம். சபை அதற்கு 18 கொடுத்தது. காரணம் முக்கியமாக மொழி. அதாவது அந்த ஊர்ப் பொடியங்கள் தெருவில் தினமும் கதைக்கிற கதை, அவர்களே கேட்கக்கூடாத கதை ஆகிவிட்டது. அந்தப் பகுதியின் இன்வர்கிளைட் மன்றம் தன் பழைய அதிகாரத்தைப் பாவித்துத் தன் எல்லைக்குள் அதை 15 ஆக்கியது. ஓம், அந்த 1909 அதிகாரம் இன்றும் மன்றங்களிடம் இருக்கிறது. பிபிஎஃப்சி சொல்வதை மாற்ற அவர்களால் முடியும்.

அமெரிக்காவில் இன்னும் வெளிப்படை. அங்கே 1968 இல் தொழில்துறை தொடங்கிய முறை. ஒரு குறிப்பிட்ட கெட்ட சொல் ஒருதரம் வந்தால் பிஜி-13, அதற்கு மேல் வந்தால் வழக்கமாக ஆர். துவக்குச் சூட்டுக்கு இப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது. 'பிரைட்' படம் தெரியும்தானே? 1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு லண்டனின் தன்பாலினத் தோழர்கள் காசு சேர்த்த உண்மைக் கதை. பிரிட்டனில் 15, அமெரிக்காவில் ஆர். தன்பாலினக் கதைகளுக்கு அளவுகோல் கடுமையாகுது என்ற விமர்சனம் அப்பவே எழுந்தது.

இவ்வளவும் கேட்டால், "வயதுச் சான்றிதழே வேண்டாம், தூக்கி எறிவோம்" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. என்னை நிறுத்தினது ட்ரெய்லர்.

ட்ரெய்லருக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அது படத்தின் வயது இல்லை, அந்த இரண்டு நிமிடத்தின் வயது. 15 வயதுப் படத்தின் ட்ரெய்லர் 'பிஜி' வாங்கி, குடும்பப் படத்துக்கு முன்னால் ஓடலாம். அமெரிக்காவில் பச்சைப் பட்டை, சிவப்புப் பட்டை என்று பிரிப்பார்கள். பச்சைப் பட்டையில் முன்பு 'எல்லாப் பார்வையாளருக்கும்' என்று இருந்தது, 2009 இல் 'பொருத்தமான பார்வையாளருக்கு' என்று மாற்றினார்கள். சந்தைப்படுத்தலுக்குக் கொஞ்சம் இடம் கூடக் கிடைத்தது.

ஆனால் பிபிஎஃப்சியின் ஒரு நியாயம் எனக்குச் சரியாகப் பட்டது. முழுப் படத்தைவிட ட்ரெய்லருக்கு அவர்கள் கடுமையாக இருக்கிறார்கள். ஏன்? படத்துக்கு ரிக்கெற் எடுத்தவர் என்ன பார்க்கப் போகிறார் என்று தெரிந்து வந்தவர். ட்ரெய்லரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர் மேல் வந்து விழுகிறது. தேர்ந்தெடுக்காதவருக்குக் கூடுதல் கவனம் தேவை.

இதை வாசிச்ச அண்டைக்குத்தான் நான் பத்து வயதில பிடிச்ச பதாகை ஞாபகம் வந்தது. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மே மாத நிகழ்வுகளில மண்டப வாசலிலேயே ஆளுயரத்துக்கு வைக்கிற படங்களை எங்கட பிள்ளையள் தேர்ந்தெடுக்கிறேல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில காலமை எழும்பின உடன வந்து விழுகிற வீடியோவையும் தேர்ந்தெடுக்கிறேல்லை.

இதை அம்மாவிடம் சொன்னன். அவ கனநேரம் பேசேல்ல. பிறகு சொன்னா: "பிள்ளை, உலகம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. நாங்கள் காட்டாட்டி யார் காட்டுறது?"

அதுவும் உண்மை. காட்ட விடாமல் தடுப்பதற்கும் இதே சான்றிதழ்தான் பாவிக்கப்படுது. கல்லம் மக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படம். 2014 இல் இந்தியத் தணிக்கைச் சபை அதற்குச் சான்றிதழ் மறுத்தது. மலேசியாவில் 2013 ஜூலையில் அதைத் திரையிட்டதற்காக, கோமாஸ் அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்ட்ரி மேல் வழக்குப் போட்டார்கள். தணிக்கைச் சபையின் அனுமதி இல்லாமல் காட்டினார் என்பதுதான் குற்றம். 2017 இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 ரிங்கிட் தண்டம். ஒரு சான்றிதழ் இல்லாததுக்கு நாலு வருச வழக்கு.

ஆகவே நான் இரண்டு விடயத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையைப் பார்க்கும் உரிமையை எந்தச் சபையும் பறிக்கக்கூடாது. அதே நேரம் அந்த உண்மை முன்னறிவிப்பில்லாமல் ஒரு பிள்ளையின் மேல் விழக்கூடாது. தகவல் கொடுப்பது வேறு, வாசலை அடைப்பது வேறு. வயதுச் சான்றிதழ் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறது. நாங்கள் பிரித்துப் பார்க்கலாம்.

எங்கட மே மாதத் திரையிடலுக்கு நாலு முன்மொழிவு வைக்கிறன். ஒண்டு: ஒவ்வொரு படத்துக்கும் நாங்களே மூண்டு வரி எழுதுவம். என்ன காட்சி, எவ்வளவு நேரம், உண்மைப் பதிவா நடிப்பா. அழைப்பிதழிலேயே போடுவம், தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டு: இறந்தவர்களின்ர உடல் தெரியிற படங்கள் வாசலிலும் சுவரொட்டியிலும் வேண்டாம். உள்ளே ஒரு தனி அறையில வைப்பம். பார்க்க விரும்பிறவை கதவைத் திறந்து போகட்டும். மூண்டு: 13, 14 வயதுப் பிள்ளையளை வெளியில விடாமல், படம் முடிய அவையளோட இருந்து கதைக்க இரண்டு பேரை இப்பவே ஒழுங்கு செய்வம். நாலு: பிபிஎஃப்சி சான்றிதழ் இல்லாத படத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின்ர உரிமப் பிரிவிடம் வயது வகைப்பாடு கேட்கலாம். கிரீனொக்காரருக்கு உதவின அதே அதிகாரம்தான். கடைசிக் கிழமையில ஓடாமல் முன்கூட்டியே கடிதம் போடுவம்.

மூண்டாவது முன்மொழிவுக்கு முதல் பெயர் கிடைச்சிட்டுது. அம்மா வாறாவாம். "நான்தானே உனக்கு அந்தப் பதாகையைத் தந்தனான், நான் வந்து இருக்கிறன்" எண்டா.

இரண்டாவது பெயர் தேவை. கூட்டம் முடிய என்னட்ட வாங்கோ.