தாயம் விழாத நாள்



கோடை நண்பகலில் பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் காட்டு வேலை ஓய்ந்திருக்கும். கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வேளையில் வேப்ப மரத்தடியிலும், வீட்டுத் திண்ணையிலும், கோயில் மண்டபத்திலும் கரித்துண்டால் கட்டம் கீறித் தாயம் ஆடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரம் சென்றதும் ஒரு குரல் எழும்: "எனக்கு மட்டும் தாயம் விழவே மாட்டேன் என்கிறதே!" மற்ற மூவரின் காய்களும் கட்டத்தைச் சுற்றி வரும், அந்த ஒருவரின் காய்கள் மட்டும் இறங்க வழியின்றி வெளியே கிடக்கும்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். கட்டை கைகொடுக்காதபோது மனிதன் செய்யத்தக்கது என்ன? சிறு விளையாட்டைப் பற்றிய சிறு கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் வானத்தை நம்பி விதைக்கும் மானாவாரிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது சிறு கேள்வி அன்று.

நம்மவரின் விளையாட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் கட்டையும் இல்லை, சோழியும் இல்லை. புலி வென்றாலும் ஆடு வென்றாலும் அது முழுவதும் அறிவின் வெற்றி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபதம் இதற்கு நேர்மாறு. அங்கே ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் கட்டையின் செயல். ஆடுகிறவர் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. தாயம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. என்ன எண் விழும் என்பது நம் கையில் இல்லை. விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வாழ்க்கைக்கு மிக அருகில் இருக்கும் ஆட்டம் இது என்று நான் கருதுவதற்குக் காரணம் அதுவே.

பகடை நம் நாட்டுக்குப் புதியதன்று. வைகைக் கரையிலுள்ள கீழடியில் நடந்த அகழாய்வில் யானைத் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. இன்று நம் வீடுகளில் உள்ள தாயக்கட்டை பித்தளையால் ஆன நீண்ட நாற்பட்டைக் கட்டை. ஒரு பட்டை வெறுமையாக இருக்கும். மற்ற மூன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டுகிறோம். ஒரு கட்டைக்கு நான்கு முகம் ஆகையால் இரண்டும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் 16.

அந்தப் பதினாறையும் பொறுமையாக எண்ணிப் பாருங்கள். ஒன்று வெறுமையாகவும் மற்றொன்று ஒரு புள்ளியாகவும் விழுவது தாயம். அது 2 வகையில் நேரும். இரண்டு விழுவதற்கு 3 வகை. மூன்று விழுவதற்கு 4 வகை. நான்குக்கு 3 வகை. ஐந்துக்கு 2 வகை. ஆறுக்கு 1 வகை. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் 1 வகைதான். கூட்டினால் 16 சரியாக வரும். ஆகவே தாயம் விழும் வாய்ப்பு 16இல் 2, அதாவது 8இல் 1.

எட்டில் ஒன்று என்றவுடன், "எட்டு முறை உருட்டினால் ஒரு முறை விழுந்தே தீரும்" என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். துன்பம் தொடங்கும் இடம் இதுதான். எட்டு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போகும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 34. மூன்று பேர் ஆடினால் அவர்களில் ஒருவர் இப்படித் தவிப்பது இயல்பு என்று பொருள். நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில், எல்லோரும் எட்டு முறை உருட்டி முடித்தபின், ஒருவராவது காய் இறக்காமல் இருக்கும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 81. நண்பர்களே, இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். ஐந்து ஆட்டங்களில் நான்கில் யாரோ ஒருவர், "எனக்கு ராசி இல்லை" என்று சொல்லத்தான் போகிறார். அவரிடம் குறை ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் அமைப்பிலேயே அந்த இடம் இருக்கிறது; இன்று அதில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

புளியங்கொட்டையை ஒரு புறம் கல்லில் தேய்த்து உருட்டினாலும், சோழியைக் குலுக்கிப் போட்டாலும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது; அவற்றின் இரண்டு புறமும் ஒன்றுபோல் விழுவதில்லை. பித்தளைக் கட்டையும் நாள்பட உருட்டினால் தேயும். ஆனால் எல்லோரும் அதே கட்டையைத்தானே உருட்டுகிறார்கள்? கட்டைக்கு ஆள் தெரியாது. அதைவிட முக்கியமாக, கட்டைக்கு நினைவு கிடையாது. ஏழு முறை தாயம் விழாமல் போனாலும், எட்டாவது முறை விழும் வாய்ப்பு அதே 8இல் 1தான். "இத்தனை நேரம் விழவில்லை, இனிமேல் விழுந்தாக வேண்டும்" என்பதும் பிழை. "இத்தனை நேரம் விழவில்லை, இனிமேலும் விழாது" என்பதும் பிழை. முன்னது வீண் நம்பிக்கை. பின்னது வீண் சோர்வு.

இந்த எண்ணும் கலை மேல்நாட்டில் ஒரு சாத்திரமாக வளர்ந்தது. 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர்களான பாஸ்கலும் பெர்மாவும் பகடை ஆட்டத்தைப் பற்றிய ஐயங்களைக் கடித வழியே ஆராய்ந்தார்கள். இன்றைய நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாக அந்தக் கடிதங்களைச் சொல்வதுண்டு. நம் நாட்டுக் கதையிலும் இதன் சாயல் உண்டு. பாரதத்தில் வரும் நளன் பகடையில் நாட்டை இழந்து காட்டுக்குப் போனவன். பின்னர், இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேர் ஓட்டிச் செல்லும்போது, வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் அவ்வரசன் கண்ட அளவில் எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வித்தையையும் பகடையின் நுட்பத்தையும் அவனிடம் கற்ற பிறகே நளன் இழந்த நாட்டை மீட்கிறான். விதியால் வீழ்ந்தவன் எண்ணக் கற்று எழுந்தான் என்று கதை அமைத்த முன்னோரின் அறிவை நாம் வியக்க வேண்டும்.

எண்ணத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. எண்ணியதைக் கொண்டு காயை நகர்த்தவும் வேண்டும். என் அப்பத்தா எழுத்தறியாதவர். தாயத்தில் மட்டும் அவரை வெல்வது அரிது. "விழுந்ததைப் பார்க்காதே, நிற்கிற இடத்தைப் பார்" என்பது அவர் ஓயாமல் சொல்லும் சொல். அதன் பொருள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நன்கு விளங்கியது. எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நம் காய் நின்றால், அவர் ஒரே வீச்சில் மூன்று போட்டு வெட்டும் வாய்ப்பு 16இல் 4. ஆறு கட்டம் முன்னால் நின்றால், ஒரே வீச்சில் வெட்டும் வாய்ப்பு 16இல் 1. கட்டை இருவருக்கும் ஒன்றுதான். நிற்கும் இடம் மாறினால் ஆபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது! குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் ஏறிக்கொண்டால் வெட்டே இல்லை.

மற்றொன்றும் அவரிடம் கண்டேன். ஒரே காயை ஓட்டிப் பழம் ஆக்கிவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டதில்லை. இரண்டு மூன்று காய்களைக் கட்டத்தில் பரப்பி வைத்திருப்பார். எந்த எண் விழுந்தாலும் அதை வாங்கிக்கொள்ள ஏதேனும் ஒரு காய் அவரிடம் இருக்கும். ஒரே காயை நம்பியவருக்கு ஒரே ஒரு எண்தான் நல்ல எண். பல காய் உள்ளவருக்குக் கெட்ட எண் என்று ஒன்று ஏறக்குறைய இல்லை.

இனி, ஆடும் கூட்டத்தின் கடமை ஒன்று இருக்கிறது. ஒருவர் நெடுநேரம் காய் இறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஆட்டம் அவருக்குத் தண்டனை ஆகிறது. இதற்கு வழி, தொடங்கும் முன்பே விதியை இணக்கமாக அமைத்துக்கொள்வது. தாயம் விழுந்தாலும் சரி, ஐந்து விழுந்தாலும் சரி, காய் இறங்கலாம் என்று எல்லோரும் முன்னதாகவே ஒப்புக்கொண்டால், வாய்ப்பு 8இல் 1 என்பது 4இல் 1 ஆகிறது. எட்டு முறை உருட்டியும் ஒருவர் இறங்காமல் போவது 100க்கு 34லிருந்து ஏறத்தாழ 10 ஆகக் குறைகிறது. நடு ஆட்டத்தில் ஒருவருக்காக விதியை மாற்றினால் அது சலுகை. கெஞ்சுகிறவருக்கும் இழிவு, கொடுப்பவருக்கும் மனக்கசப்பு. முன்னதாகவே எல்லோருக்குமாக வகுத்தால் அது நீதி.

அமெரிக்காவில் 1974இல் 'டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றோர் ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, கதையாகவே ஆடுவது அது. நம் நகரங்களிலும் இன்று இளைஞர்கள் அதை ஆடுகிறார்கள். அதில் இருபது முகமுள்ள பகடை உண்டு. வீரன் வேடம் ஏற்றவர் மதிலேற முயன்று தாழ்ந்த எண் போட்டுவிட்டால், ஆட்டத்தை நடத்துகிறவர் இரண்டு வகையில் தீர்ப்புச் சொல்லலாம். "ஏற முடியவில்லை" என்று சொல்லி அவரைச் சும்மா உட்கார வைக்கலாம். "ஏறிவிட்டாய், ஆனால் கல் ஒன்று உருண்டு காவலன் விழித்துக்கொண்டான், இனி என்ன செய்வாய்?" என்றும் கேட்கலாம். பின்னதே நல்ல நடத்துநரின் வழி. கெட்ட வீச்சு அவருக்குக் கதவை அடைக்கவில்லை. வேறொரு கதவைத் திறந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு. பணம் வைத்து ஆடும் சூதுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. விட்டதைப் பிடிப்பேன் என்று மீண்டும் மீண்டும் உருட்டியே தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்றான். திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். நம் காலத்திலும் கைப்பேசி வழியே நடக்கும் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. சூதில் கெட்ட கட்டைக்கு ஒரே மருந்து, எழுந்து போய்விடுவது.

ஆனால் எழுந்து போக முடியாத ஆட்டமும் ஒன்று உண்டு. அது எங்கள் சீமையின் வேளாண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்து விதைக்கிறவருக்கு, மழை பெய்வதும் பொய்ப்பதும் அவர் கையில் இல்லை. எண்ணிப் பாருங்கள், அவர் செய்வது என் அப்பத்தா செய்ததே. ஒரு துண்டில் பருத்தி, ஒன்றில் குதிரைவாலி, ஒன்றில் மல்லி. பருத்திக்கு நடுவே ஊடுபயிராக உளுந்தோ பாசிப்பயறோ. மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று. எந்த எண் விழுந்தாலும் அதை வாங்கிக்கொள்ள ஒரு காய் அவரிடம் இருக்கிறது.

ஆயினும் எத்தனை காய் பரப்பினாலும் அடுத்தடுத்து மழை பொய்த்தால் தனி ஒருவர் தாங்க முடியாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அதற்குச் சான்று. அந்நிலையில் ஒருவரைப் பார்த்து, "உன் தலையெழுத்து" என்று சொல்வது கொடுமை. முன்னதாகவே எல்லோருக்குமாக விதியை அமைத்திருக்க வேண்டும். கண்மாய் வெட்டிய முன்னோர் அதைத்தான் செய்தார்கள். பெய்யும் ஆண்டின் நீரைப் பெய்யாத மாதத்துக்குத் தேக்கி வைத்தார்கள். 2016இல் நாடெங்கும் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் அடிப்படைக் கருத்தும் இதுவே. கண்மாயில் கருவேல் மண்ட விடுவதும், மடையைத் தூர்ந்துபோக விடுவதும் கட்டையின் குற்றம் அல்ல, ஆடுகிறவர்களின் குற்றம்.

மாணவ நண்பர்களே, உங்கள் முன்னும் கட்டைகள் உருளும். நன்கு படித்தும் எதிர்பாராத கேள்வித்தாள் வரும். தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எத்தனையில் ஒன்று என்று எண்ணினேனா? என் கையில் உள்ள காய்களில் எதை நகர்த்தலாம்? எனக்குப் பின்னால் வருகிறவர் இதே இடத்தில் தவிக்காதபடி விதியைத் திருத்த முடியுமா? முதற் கேள்வி சோர்வை நீக்கும்; இரண்டாவது வேலையைக் கொடுக்கும்; மூன்றாவது நம்மை நல்ல குடிமக்கள் ஆக்கும். ஆட்டத்தில் எதிரே இருப்பவருக்குத் தாயம் விழாதபோது சிரிக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்; அடுத்த ஆட்டத்தில் அந்த இடம் யாருக்கு என்று கட்டை யாரிடமும் சொல்வதில்லை.