படித்துறை வேலையும் ஆற்றுச் சிப்பியும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேலைக் காலம் முழுக்க பாங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். வரிசை நகராவிட்டால் பின்னால் நிற்பவர் என்ன பேசுவார் என்று தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் நம் படித்துறையைச் சீர் செய்தோம். நான்தான் பொருளாளர். மண் மூட்டை அடுக்கித் தாமிரபரணித் தண்ணீரை ஒரு பக்கம் திருப்பினார்கள், மீதியை மோட்டார் வைத்து இறைத்தார்கள், உடைந்த படிக்கட்டுகளுக்குப் புதிதாக அஸ்திவாரம் போட்டார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் தண்ணீர் வற்றிய மூன்றாம் நாள் ஒரு நாற்றம் கிளம்பியது. தெருக்கோடி வரை வந்தது. பலரும் எனக்கு போன் செய்து சத்தம் போட்டீர்கள். போய்ப் பார்த்தால் சேற்றில் நூற்றுக்கணக்கான ஆற்றுச் சிப்பிகள், நம்மில் சிலர் மட்டி என்று சொல்வதுதான், வாயைப் பிளந்து கிடக்கின்றன. கொக்கும் காக்கையும் ஒரே கூட்டம். நான் என்ன செய்தேன்? பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கொட்டச் சொன்னேன். அந்த வருடக் கணக்கில் பார்க்கலாம்: ‘பிளீச்சிங் பவுடர், 480 ரூபாய்’. அவ்வளவு உயிர்களும் நம் புத்தகத்தில் ஏறியது அந்த ஒரு வரியாகத்தான். வவுச்சரில் கையெழுத்து என்னுடையது.

அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சின்ன வயதில் அந்தச் சிப்பி ஓட்டைக் கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு மாங்காய் சீவினவன்தான் நானும். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன வருடம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனோம். பிட்ஸ்பர்க் நகரம். அங்கே அலகேனி என்றொரு ஆறு, மொனோங்கஹீலா என்ற இன்னொரு ஆற்றோடு சேர்ந்து ஒஹையோ நதியாகிறது. மருமகன் சிவில் என்ஜினீயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலகேனி ஆற்றோரமாகவே வடக்கே காரில் அழைத்துப் போனார். டியோனெஸ்டா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தருகே நிறுத்தி, “மாமா, இந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கு” என்றார்.

ஹன்டர் ஸ்டேஷன் பாலம் என்று பெயர். பழைய பாலம் போய்ப் புதியது கட்ட வேண்டும். ஆனால் அந்த இடத்து ஆற்றுப் படுகையில் கிளப்ஷெல், நார்தர்ன் ரிஃபில்ஷெல் என்று இரண்டு வகைச் சிப்பிகள் ஏராளமாக இருந்தன. இரண்டும் 1993 முதல் அந்த நாட்டின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் இருப்பவை. மற்ற ஆறுகளில் அநேகமாக ஒழிந்துபோய், அலகேனியில்தான் நல்ல நிலையில் மிஞ்சியிருந்தன. அதனால் பாலம் கட்டுவதற்குப் பல வருடம் முன்பே முக்குளிப்பவர்களை இறக்கி, கல்லுக்கு இடையில் கையால் தடவித் தடவிச் சிப்பிகளை எடுத்திருக்கிறார்கள். பத்து நூறு இல்லை, பல்லாயிரக்கணக்கில். எடுத்தவற்றை இல்லினாய், ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில், ஒரு காலத்தில் அதே சிப்பி வாழ்ந்து அழிந்துபோன ஆறுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இல்லினாயில் விட்டவற்றின் ஓட்டில் சின்னதாக ஒரு சிப் ஒட்டியிருந்தார்கள். நம் காரில் ஒட்டுகிற ஃபாஸ்டேக் மாதிரி. பின்னால் ஆற்றில் ஒரு கருவியை நகர்த்திக்கொண்டு போனால், எந்தச் சிப்பி எங்கே இருக்கிறது என்று தோண்டாமலே தெரியும்.

“சிப்பிக்கா இவ்வளவு?” என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு மருமகன் கொடுத்ததையும் நானாகத் தேடியதையும் படித்தேன். அதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிப்பியால் தானாக ஆற்றில் மேலே ஏறிப் போக முடியாது. குஞ்சு தண்ணீரோடு அடித்துக்கொண்டு போனால் வம்சம் கடலில்தான் முடியும். அதனால் அதன் குஞ்சு, மண் துகள் அளவுதான் இருக்கும், ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொள்ள வேண்டும். சில நாள், சில வாரம் அங்கே வளர்ந்து, பிறகு உதிர்ந்து மணலில் விழுந்து தனி வாழ்க்கை தொடங்கும். எந்த மீனிலும் ஒட்டிப் பிழைத்துவிடாது. பல வகைகளுக்கு இன்ன மீன்தான் என்று உண்டு. நம் பாஷையில் சொன்னால் மீன்தான் ஜாமீன்தாரர். அவர் இல்லாமல் லோன் சாங்ஷன் ஆகாது.

அந்த மீனைப் பிடிக்க சிப்பி செய்யும் வேலையைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு வகைச் சிப்பி தன் சதையின் ஓரத்தையே சின்ன மீன் மாதிரி, கண் வாலோடு, ஆட்டிக் காட்டும். பெரிய மீன் இரை என்று நினைத்துக் கவ்வ வரும்போது அதன் முகத்தில் குஞ்சுகளைப் பீய்ச்சிவிடும். ஸ்னஃப்பாக்ஸ் என்று இன்னொன்று இன்னும் கெட்டிக்காரி. லாக்பெர்ச் என்ற மீனுக்கு மூக்கால் கல்லைப் புரட்டி இரை தேடும் பழக்கம். அது இந்தச் சிப்பியையும் புரட்டப் போனால், டபக்கென்று அதன் தலையை ஓட்டுக்குள் பிடித்துக்கொண்டு, செவுள் நிறையக் குஞ்சுகளை ஏற்றி, பிறகு போகவிடும். கண்ணே இல்லாத ஒரு ஜந்து இதைச் செய்கிறது. இதைச் சொன்னதற்கு என் வீட்டுக்காரம்மா, “ஜாமீன்தாரரைக் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிறது” என்றாள். முப்பது வருடம் என்னோடு இருந்ததில் அவளுக்கும் பாங்க் பாஷை ஒட்டிவிட்டது.

நம் ஊர்ச் சிப்பிக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டு ஆறு குளங்களில் பரவலாக உள்ள லாமெல்லிடென்ஸ் என்ற இனமும் மீனில் ஒட்டித்தான் வளர்கிறது. சிப்பி தண்ணீரை உறிஞ்சி, பாசியையும் நுண் துகளையும் தின்றுவிட்டு, தெளிந்த தண்ணீரை வெளியே விடும். பெரிய சிப்பி ஒன்று நாளைக்கு 40 லிட்டர் வரை வடிகட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கு வருடா வருடம் ஏ.எம்.சி. கட்டுகிறோம்; இதற்கு ஒன்றுமில்லை.

இதிலிருந்து கணக்குக்காரனாக எனக்கு ஒன்று உறைத்தது. சிப்பிகள் பல பத்தாண்டு வாழக்கூடியவை. ஓர் ஆற்றில் கைநிறையச் சிப்பி கிடைக்கலாம், ஆனால் அத்தனையும் கிழடுகளாக இருக்கலாம். ஜாமீன் மீன் போய்விட்டிருந்தால் புதுக் குஞ்சு வராது. வாராக்கடனை நல்ல கடன் என்று லெட்ஜரில் காட்டிக்கொண்டே இருப்பதைப் போல, ஆடிட்டர் வரும் வரை எல்லாம் சரியாகவே தெரியும்.

ஆடிட்டர் தாமதமாக வந்த கதையும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் தெற்கே டென்னஸி நதியையும் டாம்பிக்பீ நதியையும் இணைத்து ஒரு கப்பல் போக்குவரத்துக் கால்வாய் வெட்டினார்கள். 1972ல் தொடங்கி 1984ல் முடித்தார்கள். 234 மைல் நீளம், சுமார் 200 கோடி டாலர் செலவு. பனாமா கால்வாய்க்குத் தோண்டியதைவிட அதிக மண் என்பார்கள். சரளைக் கல்மீது ஓடிக்கொண்டிருந்த டாம்பிக்பீ, அணையும் மதகுமாகி, தேங்கிய தண்ணீரும் வண்டலுமாக மாறியது. அந்த ஆற்றின் சிப்பிகளில் ஐந்து வகைகளை அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். எப்போது? 1987ல். வேலை முடிந்து இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து. பணம் பட்டுவாடா ஆன பிறகு செக்கை நிறுத்தி வைக்கச் சொல்வது மாதிரி. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசு 21 உயிரினங்கள் அழிந்துவிட்டன என்று அறிவித்துப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதில் எட்டு ஆற்றுச் சிப்பிகள். அந்த எட்டில் இரண்டு, ஃப்ளாட் பிக்டோ, ஸ்டிர்ரப்ஷெல், மேலே சொன்ன ஐந்தில் இருந்தவை.

பாலத்துக்கு முன்பே எண்ணியதற்கும் கால்வாய்க்குப் பிறகு எண்ணியதற்கும் இதுதான் வித்தியாசம். எஸ்டிமேட்டில் ஒரு வரியாக வராத எதையும் சைட்டில் காப்பாற்ற முடியாது. நம் படித்துறையில் நான் பார்த்ததும் அதுதான்.

இடம் மாற்றினால் எல்லாம் பிழைத்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். இல்லினாயில் விட்டவற்றில் கிளப்ஷெல் தாங்கிய அளவு ரிஃபில்ஷெல் தாங்கவில்லை. முடிந்தவரை ஆற்றில் கைவைக்காமல் வேலையைத் திட்டமிடுவதுதான் முதல் வழி, பெயர்த்து வைப்பது இரண்டாவதுதான். ஆனால் சேற்றில் காயவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுவது வழியே இல்லை.

இப்போது நம் விஷயம். அணையில் தண்ணீர் குறைவாகத் திறக்கும் மாதங்களில் படித்துறையின் கீழ்ப்பக்கம் தடுப்புச் சுவர் வேலை தொடங்கப்போகிறது. மறுபடி மண் மூட்டை, மறுபடி மோட்டார். என் கோரிக்கை இது. நீர்வளத் துறைக்கு இப்போதே ஒரு கடிதம் கொடுத்து அனுமதி கேட்போம். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவரைக் கூட்டி வந்து, அங்கே என்ன வகை இருக்கிறது, எவ்வளவு, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பார்க்கச் சொல்வோம். மண் மூட்டை அடுக்குவதற்கு முன் இரண்டு காலை நேரம் போதும். வெயில் ஏறும் முன் இறங்கி, கையால் தடவி எடுத்து, ஈரச் சாக்கில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று குவிக்காமல், மேல்புறம் ஏற்கெனவே சிப்பி இருக்கிற இடத்திலேயே ஊன்றி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே. சும்மா வீசி எறிந்தால் வெள்ளம் கொண்டுபோய்விடும். தண்ணீர் இறைக்கும்போது மெதுவாக இறைக்கச் சொல்லி, விட்டுப்போனவற்றை இன்னொரு முறை பொறுக்க வேண்டும். எத்தனை எடுத்தோம், எத்தனை வைத்தோம் என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். அடுத்த வருடம் அதே இடத்தில் போய்ப் பார்ப்போம்.

காண்டிராக்டர் இரண்டு நாள் தாமதத்துக்குக் கூலி கேட்பார். கேட்டால் கொடுப்போம். அதையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகப் போடச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகள் வரலாம், ஆனால் பெற்றோர் கூட வர வேண்டும். ஆழமான பக்கம் யாரும் போகக்கூடாது. எடுத்ததை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கவும் கூடாது, இதைச் சிலருக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் இன்றே வாசலில் இருக்கும் நோட்டில் பெயர், வீட்டு எண் எழுதிவிடுங்கள். சாக்கும் வாளியும் நான் கொண்டு வருகிறேன்.