கள்ளன் பெரிதா, காப்பான் பெரிதா?

கள்ளன் பெரிதா, காப்பான் பெரிதா என்று நம்மவர்கள் கேட்பார்கள். திருகோணமலை உவர்மலை (ஓர்ஸ் ஹில்) வாசிகளுக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. உவர்மலையில் இருந்து கோணேசர் கோயில் எவ்வளவு தூரம்? ஒரு சைக்கிள் ஓட்டம்!

1622ஆம் ஆண்டு. சித்திரை வருடப்பிறப்பு. சுவாமி ஊர்வலம் வெளிக்கிட்டுவிட்டது. கோயிலில் ஆட்கள் குறைவு. அந்த நேரம் பார்த்து, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டைன் டி சாவின் படையினர் அந்தணர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொன்னும் மணியும் கொள்ளை போயின. இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டையும் எழுந்தது. அதுதான் இன்றைய பிரெட்ரிக் கோட்டை. களவெடுத்த வீட்டுக் கல்லிலேயே தனக்கு வீடு கட்டிய கள்ளன்!

ஆனால் அவன் கையில் எல்லாம் அகப்படவில்லை. பக்தர்கள் சில விக்கிரகங்களை மண்ணுக்குள் ஒளித்தார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி எல்லோரும் வெளியே வந்தார்கள். 328 வருடக் காவல்! 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன், கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிக் கடலில் மூழ்கி, கோயிலின் இடிபாடுகளையும் கண்டார்.

நானூறு வருடமாகியும் கள்ளனின் முறை மாறவில்லை. வீட்டில் ஆள் குறைந்த நேரம், நம்பக்கூடிய வேடம். இன்றைக்கு அவன் பூணூலோடு வரமாட்டான். மின்மானி பார்க்க வந்தவன் என்பான். படலையைத் திறக்கமுன் அடையாள அட்டையைக் கேளுங்கள். திருவிழாவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

காப்பான்தான் பெரிது, நேயர்களே, விழித்திருந்தால்!