பாபநாசம் அணைக்கு முன்னாடி ஒரு அடித் தண்ணீர்: கிளஸ்டரில் முதல் சிமுலேஷன்

விக்கிரமசிங்கபுரத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். கேட்டவர் சிவில் இறுதியாண்டு படிக்கிற தம்பி. "அண்ணே, பாபநாசம் அணை உடைஞ்சா தண்ணி எப்படிப் பாயும்னு சிமுலேஷன் பண்ணணும். கிளஸ்டர்ல அக்கவுன்ட் கிடைச்சிருக்கு. எத்தனை கோர் கேட்கணும்?"

அணை உடையுற பேச்சே வேண்டாம்னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க. ஆனா இது அபசகுனம் இல்லை, அவசியமான கணக்கு. 2021-ல வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் வேணும்னு சொல்லுது. அந்தத் திட்டம் தயார் பண்ண, வெள்ளம் எங்கே, எவ்வளவு நேரத்துல வரும்னு கணக்குப் போட்டாகணும். நம்ம ஊர் அந்த அணைக்குக் கீழேதான் இருக்கு. அதனால கேள்வி நல்ல கேள்வி. ஆனா "எத்தனை கோர்" என்பதுதான் கடைசியா கேட்க வேண்டியது.

முதல்ல கிளஸ்டர்னா என்ன? நிறைய கம்ப்யூட்டர்களை வேகமான நெட்வொர்க்கில் கோத்து வைத்திருக்கும் கூட்டம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு. நம்ம மாநிலத்துல நல்ல உதாரணம் திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிற பரம் பொருள். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவியது, 2022 மே 25-ல் திறந்தாங்க. உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்.

இதைக் கேட்டதும் அணை முழுசையும் உள்ளே தூக்கிப் போட்டுடலாம்னு தோணும். போட்டுப் பார்ப்போம். பாபநாசம் அணையோட கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. கன மீட்டர்ல 15 கோடிக்கு மேல. ஃப்ளூயிட் சிமுலேஷன்ல இடத்தைச் சின்னச் சின்ன செல்லா வெட்டி, ஒவ்வொரு செல்லிலும் வேகம், அழுத்தம் எல்லாம் கணக்கிடணும். ஒரு செல் ஒரு மீட்டர் கனம்னு வைச்சாலும் தண்ணிக்கு மட்டும் 15 கோடி செல். மேலே இருக்கிற காற்று, கீழே இருக்கிற பள்ளத்தாக்கு தனி. ஒரு கோருக்கு 50,000 செல்னு பிரிச்சா 3,000 கோர் வேணும். அப்பவும் ஒரு மீட்டர் செல்லுக்குள்ள நடக்கிற நுரை, சுழல் எதுவும் தெரியாது.

அதனாலதான் நிஜ வெள்ளக் கணக்குக்குப் பொதுவா முப்பரிமாணம் போறதில்லை. ஆழத்தைச் சராசரியா எடுத்துக்கிட்டு, இரு பரிமாணத்துல தீர்க்கிற ஹெச்.இ.சி.-ராஸ் மாதிரி இலவச மென்பொருள் இருக்கு. தம்பி, உங்க ப்ராஜெக்ட் திருநெல்வேலி வரைக்கும் வெள்ளம் பரவுறதைக் காட்டணும்னா அதுதான் வழி. ஒரு மதகு பக்கத்துல தண்ணி எப்படி மோதுதுன்னு பார்க்கணும்னா முப்பரிமாணம் போகலாம். அதுக்குக் கிளஸ்டர் வேணும். அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு இப்ப பார்ப்போம்.

ஓபன்ஃபோம்னு ஒரு இலவச மென்பொருள், 2004-ல திறந்த மூலமா வெளியானது. அதோட கூடவே வர்ற பயிற்சிகள்ல ஒன்னு பேரே டேம்பிரேக். ஒரு பெட்டிக்குள்ள, ஓரமா, 29 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்குது. தடுப்பை எடுத்ததும் சரிஞ்சு பாயுது. கிட்டத்தட்ட ஒரு அடித் தண்ணி. நம்ம அணையோட முழு மட்டம் 143 அடி. அந்த 143-க்கு முன்னாடி இந்த ஒரு அடியைப் புரிஞ்சுக்கோங்க. இதுக்குச் சில ஆயிரம் செல் போதும், சாதாரண லேப்டாப்பே ஓட்டிடும்.

அதை ஓட்டும்போது ஒரு விஷயம் கவனிங்க. கூரான்ட் எண்னு ஒன்னு திரையில ஓடும். கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூணு பேரும் 1928-ல எழுதின கட்டுரையில இருந்து வந்தது. சுருக்கமா, ஒரு நேர அடிக்குள்ள தண்ணி ஒரு செல்லைத் தாண்டி ஓடிடக் கூடாது. அதனால செல்லைப் பாதியாக்கினா நேர அடியையும் பாதியாக்கணும். முப்பரிமாணத்துல செல் எண்ணிக்கை 8 மடங்கு, நேர அடிகள் 2 மடங்கு, மொத்த வேலை 16 மடங்கு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சது 16 மணி நேரம் ஆகும். இன்னொரு தடவை பாதியாக்கினா 256 மணி நேரம், பத்து நாளுக்கு மேல. இந்தக் கணக்கைக் காகிதத்துல போட்ட பிறகுதான் கிளஸ்டர் பக்கம் போகணும்.

கிளஸ்டர்ல எஸ்.எஸ்.ஹெச். வழியா உள்ளே போனதும் நீங்க நிக்கிற இடம் லாகின் நோடு. அது திண்ணை மாதிரி. ஃபைல் திருத்தலாம், வேலையைச் சமர்ப்பிக்கலாம், ஆனா சிமுலேஷனை அங்கே ஓட்டக் கூடாது. ஓட்டினா எல்லாருக்கும் வேகம் குறையும், அட்மின் நிறுத்திடுவாங்க. வேலைக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஸ்லர்ம்கிற வரிசை மேலாளர்கிட்ட கொடுக்கணும். எத்தனை நோடு, எத்தனை கோர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதுல இருக்கும். எஸ்பேட்ச்னு கொடுத்தா வரிசையில சேரும், எஸ்க்யூன்னு கொடுத்தா எங்கே நிக்குதுன்னு தெரியும், எஸ்கேன்சல்னு கொடுத்தா ரத்தாகும்.

இந்த வரிசை பாசனத்துல முறை வைக்கிற மாதிரி. தலைமடைக்காரர் நிறைய எடுத்துட்டா கடைமடைக்கு வராது. அதனால பல கிளஸ்டர்கள்ல ஃபேர்ஷேர் உண்டு. சமீபத்துல அதிகம் பயன்படுத்தினவருக்கு முன்னுரிமை குறையும். சின்னதா, சரியா கேட்டா, பெரிய வேலைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில சீக்கிரம் நுழைஞ்சிடலாம். நேரத்தை ரொம்பக் குறைச்சுக் கேட்டாலும் ஆபத்து, நேரம் முடிஞ்சதும் வேலையை வெட்டிடும். அதனால இடைக்கால முடிவுகளை எழுதி வையுங்க, விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

இப்ப அந்தக் கோர் கேள்வி. 1967-ல ஜீன் ஆம்டால் சொன்னது இன்னும் செல்லும். வேலையில 5 சதவீதம் பிரிக்க முடியாததா இருந்தா, எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல வேகம் வராது. ஃப்ளூயிட் சிமுலேஷன்ல இன்னொரு செலவும் இருக்கு. துண்டு துண்டா பிரிச்ச செல்கள் எல்லையில ஒன்னோட ஒன்னு பேசிக்கிட்டே இருக்கணும். துண்டு ரொம்பச் சின்னதானா வேலையை விடப் பேச்சு அதிகமாகிடும். அதனால ஒரே வேலையை 100 நேர அடி மட்டும் 8, 16, 32, 48 கோர்ல ஓட்டி, நேரத்தை அட்டவணை போடுங்க. கோரை இரட்டிப்பாக்கியும் நேரம் பெருசா குறையலைன்னா, அதுக்கு முந்தின எண்தான் உங்க பதில்.

ஃபைல் எண்ணிக்கையும் முக்கியம். 48 துண்டு, 100 தடவை எழுதுறது, ஒவ்வொரு தடவையும் 10 ஃபைல்னா 48,000 ஃபைல். பொது டிஸ்க் திணறும். தேவையான நேரங்களை மட்டும் எழுதுங்க. இல்லைன்னா, எல்லாத் துண்டையும் சேர்த்து எழுதுற வசதி ஓபன்ஃபோம்ல இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. ஸ்கிராட்ச் டிஸ்க்ல இருக்கிறது நிரந்தரம் இல்லை, வேலை முடிஞ்சதும் காப்பி எடுத்துடுங்க.

கடைசியா, வண்ணப்படம் அழகா வந்ததுன்னு நம்பிடாதீங்க. தப்பான சிமுலேஷனும் அதே அழகோட ஓடும். மொத்தத் தண்ணி ஆரம்பத்துல எவ்வளவோ, அவ்வளவுதான் முடிவுலயும் இருக்கான்னு பாருங்க. செல்லைச் சின்னதாக்கினா பதில் மாறாம நிக்குதான்னு பாருங்க. பிறகு சோதனையோட ஒப்பிடுங்க. மார்ட்டினும் மாய்ஸும் 1952-ல தண்ணித் தூண் சரியுறதை நிஜமா செஞ்சு, முன்விளிம்பு எந்த நேரத்துல எங்கே போச்சுன்னு வெளியிட்டிருக்காங்க. உங்க ஒரு அடித் தண்ணி அந்தக் கோட்டுல விழுந்தா, அப்புறம் பெருசுக்குப் போகலாம்.

தம்பி, வைவால "எத்தனை கோர் போட்டே"ன்னு கேட்க மாட்டாங்க. "இதை எப்படி நம்புறது"ன்னுதான் கேட்பாங்க. அணைக்குக் கீழே குடியிருக்கிற நாங்களும் அதையேதான் கேட்போம்.

உங்க அட்டவணையை அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோடுல மெஷ் போடுறதைப் பத்திப் பேசலாம்.