எவரெஸ்ட்டுக்குப் பேர் இல்லன்னு யார் சொன்னது?

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

வேலையில ஒருதடவை அட்ரஸ் டேட்டாவை சுத்தம் பண்ணிட்டு இருந்தேன். சில இடங்களுக்குப் பேர் கட்டம் காலியா இருந்தது. பக்கத்து மெயின் ரோடு பேரைப் போட்டு நிரப்பிட்டேன். ரெண்டு நாள்ல ஒரு புகார் வந்தது: "எங்க தெருவுக்குப் பேர் இருக்கு சார், நீங்க கேக்கவே இல்லையே?" அந்தக் கேள்விதான் என்னை எவரெஸ்ட் கதைக்குக் கூட்டிட்டுப் போச்சு.

கதை தொடங்குறது நம்ம சென்னையில. 1802-ல வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்துல சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டுல தொடங்கி, முக்கோணம் முக்கோணமா வடக்கே நகர்ந்த சர்வே, 1840-கள்ல இமயமலையை அளந்துட்டு இருந்தது. நேபாளம் வெள்ளைக்காரங்களை உள்ளே விடல. அதனால 170 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, சமவெளியில நின்னுதான் அந்தச் சிகரத்தைப் பார்த்தாங்க. அவங்க பதிவேட்டுல அதுக்குப் பேர் 'பீக் 15'. நாங்க அவசரத்துக்கு வேரியபிளுக்கு 'டெம்ப்'னு வைக்கிற மாதிரி.

வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தாருக்கு இந்தக் கணக்குல பெரிய பங்கு உண்டு. 1856-ல அறிவிச்ச உயரம் 29,002 அடி. 2020-ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்சது 8,848.86 மீட்டர், அதாவது சுமார் 29,032 அடி. வித்தியாசம் வெறும் 30 அடி!

உயரத்துல இவ்வளவு துல்லியம். பேர்ல?

உள்ளூர்ப் பேர் இருந்தா அதையே வைக்கிறதுதான் சர்வேயோட வழக்கம். ஆனா சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா, இந்த மலைக்கு உள்ளூர்ப் பேர் எதுவும் கிடைக்கலன்னு சொல்லி, தனக்கு முன்னாடி அந்தப் பதவியில இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டோட பேரை வெச்சார். அந்த எவரெஸ்ட்டே தயங்கினார். என் பேரை இந்தியில எழுத முடியாது, அங்க இருக்கிறவங்க வாயில நுழையாதுன்னு சொன்னார். காட்மாண்டுல பிரிட்டிஷ் ரெசிடென்டா இருந்த பிரையன் ஹாட்ஜ்சன், 'தேவதுங்கா'ன்னு பேர் இருக்குன்னு வாதாடினார். அது சரியான பேர் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சது. 1865-ல லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி 'எவரெஸ்ட்'டையே ஏத்துக்கிட்டது.

ஆனா மலைக்கு வடக்கே திபெத்தியர்களும் தெற்கே ஷெர்பாக்களும் அதை சோமோலுங்மான்னுதான் கூப்பிடுறாங்க. 1733-ல டான்வில் பாரிஸ்ல வெளியிட்ட திபெத் வரைபடத்துலயே அந்தப் பேரோட ஒரு வடிவம் இருக்கு. வா பேர் வைக்கிறதுக்கு 120 வருஷத்துக்கு முன்னாடி!

கட்டம் காலியா இருந்தா அந்த மலைக்குப் பேர் இல்லன்னு அர்த்தம் கிடையாது. எழுதுறவங்களுக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். நான் பண்ணின அதே தப்பு.

அப்போ 'சகர்மாதா'ன்னு மாத்திட்டா சரியாயிடுமா? அது நேபாள அரசோட பேர். 1930-களோட கடைசியில பாபுராம் ஆச்சார்யான்னு ஒரு வரலாற்றாசிரியர் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் அது பரவலாச்சு. மலையடிவாரத்துல வாழுற ஷெர்பாக்களோட பேர் அதுலயும் இல்ல. வெள்ளைக்காரன் பேரை எடுத்துட்டு தலைநகர் பேரை வெச்சாலும், கேக்க வேண்டியவங்களைக் கேக்காமலே கட்டத்தை நிரப்பின மாதிரிதானே?

அந்தத் தெருவோட பேரை நான் திருத்திட்டேன். எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. எவரெஸ்ட் விஷயத்துல 160 வருஷமா உலகமே பழகிடுச்சு, நானே இந்த எபிசோடு முழுக்க எவரெஸ்ட்னுதான் சொல்லிட்டு இருக்கேன். அதனால ஒண்ணு பண்ணலாம். ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுவோம்: சோமோலுங்மா, எவரெஸ்ட்.

உங்க ஊர்ல மேப்ல இல்லாத ஒரு குன்றோ, குளமோ இருந்தா, அதோட பேரை அங்க இருக்கிற பெரியவங்க கிட்ட கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடுறேன்.